இரண்டரைப் பவுண்டு மெட்டல் டிடெக்டர்

பர்மிங்காம்

அன்புள்ள மாமாவுக்கு,

மெட்டல் டிடெக்டர் என்றதும் மதுரைச் சிம்மக்கல்காரர்களுக்கு நினைவு வருவது மீனாட்சியம்மன் கோயில் வாசலில் சாவிக்கொத்தைக் கண்டாலே கத்துகிற அந்தக் கதவுச்சட்டம்தான். இங்கிலாந்தில் அதே சங்கதியைக் கம்பு நுனியில் வளையமாகப் பொருத்திக்கொண்டு, பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் தூறலில் உழுத வயல்களைச் சுற்றி வருகிறார்கள். இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர்.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே. சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள் இருக்கும் உலோகம் பதிலுக்கு ஒரு சிறு புலத்தை எழுப்பும். கருவி அதை ஓசையாக்கும். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை; பழி கட்டில் மெத்தையின் கம்பிச்சுருள் மேல் விழுந்தது.

பழைய மாடல்களில் பெரும்பாலானவை ஒரே அலைவரிசையில் இயங்குபவை. திருகுவதற்கு இரண்டு மூன்று குமிழ்கள், கேட்பதற்கு ஒரு 'பீப்'. ஆணியை ஒதுக்கக் குமிழைச் சற்று அதிகம் திருகினால் குளிர்பானக் கேனின் அலுமினிய வளையத்தோடு தங்க மோதிரமும் ஒதுங்கிவிடும். ஈரமான கடற்கரை மணலில் உப்பே உலோகம்போல் கத்தும். புதிய மாடல்கள் பல அலைவரிசைகளை ஒன்றாக அனுப்பி உப்பைக் கழித்துவிடுகின்றன. திரையில் எண் காட்டுகின்றன. வயரில்லா ஹெட்போனில் பேசுகின்றன. ஆனால் மோதிரத்துக்கும் கேன் வளையத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான். அந்த விஷயத்தில் விலை உயர்ந்த கருவியும் கடைசியில் மண்வெட்டியைத்தான் காட்டுகிறது.

ஒரே மண்ணில், ஒரே ஆழத்தில், ஒரே காசைப் புதைத்துப் பார்ப்பதே பழையதையும் புதியதையும் ஒப்பிடும் முறை. குப்பையில்லாத வயலில் நாலைந்து அங்குலத்தில் கிடக்கும் காசை இரண்டுமே சொல்லிவிடும். காசுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஆணியை வைத்தால் பழையது பெரும்பாலும் தடுமாறும்; புதியது இரண்டையும் பிரித்துக் காட்டும்.

ஆயினும் கருவியைவிட நடக்கும் நிலமே முக்கியம். 2009 ஜூலையில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலொன்றில் ஆங்கிலோ-சாக்ஸன் தங்கப் புதையலைக் கண்டெடுத்தார். அவர் கையிலிருந்தது, கார் டிக்கியைத் திறந்துவைத்து விற்கும் பழஞ்சாமான் சந்தையில் இரண்டரைப் பவுண்டுக்கு வாங்கிய பழைய டிடெக்டர் என்று செய்தித்தாள்கள் எழுதின. புதையலின் மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. அது அவருக்கும் நிலக்காரருக்கும் பாதிப்பாதியானது. 1992-ல் சஃபோக்கில் ஒருவர் நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடப்போய் ரோமானியப் பொற்காசுகளை எடுத்தார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிற்று.

இங்கே 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, புதையலைப் பற்றி 14 நாளுக்குள் கொரோனரிடம் சொல்ல வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிப்பவரும் அவரே. வைகை மணலிலும் ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்ததுண்டு. ஆனால் இந்தியாவின் 1878-ம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும்.

மருமகன்