ஜெனரிக் மாடல் அண்ணன்

வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு ரெவிட் மென்பொருளில் மாடல் போட்டுத் தரும் சென்னை அலுவலகம் எதற்குப் போனாலும் இந்த அண்ணன் இருப்பார். புது ஃபேமிலி (கதவு, கட்டில் மாதிரி ஒரு பொருளின் அச்சு) என்றதும் அவர் மவுஸ் நேராக, எந்த வகையிலும் சேராததற்கான ‘ஜெனரிக் மாடல்’ டெம்ப்ளேட்டில் போய் உட்காரும். கதவா? ஜெனரிக் மாடல். வாஷ்பேசினா? அதுவும் அங்கேதான். ஆஸ்பத்திரிக் கட்டில், தெருவிளக்கு, லிஃப்ட் என்று சகலரையும் ஒரே ரேஷன் கார்டில் ஏற்றிவிடுவார்.

இத்தனைக்கும் வேலையில் புலி. தாழ்ப்பாளின் திருகில் மரை வரைக்கும் செதுக்குவார். “பாத்தா கதவு மாதிரி இருக்கா இல்லையா?” என்பார். இருக்கும். ஆனால் ரெவிட்டுக்கு ஏது கண்? கேட்டகரியில் கதவு என்று இருந்தால்தான் அதற்குக் கதவு. கட்டடம் பூராவும் கதவாக நிற்கும். கதவு ஷெட்யூலோ, அதாவது கதவுக் கணக்குப் பட்டியலோ, காலியாக இருக்கும். அண்ணன் ராத்திரி உட்கார்ந்து எக்செலில் எண்ணுவார். வேறு மென்பொருள்களும் படிக்கும் ஐஎஃப்சி கோப்பாக மாற்றினால் இன்னும் விசேஷம்: வழக்கமான அமைப்பில் அத்தனை சாமானும் ‘ப்ராக்ஸி’ (பதிலி) என்று பெயர் மாறி வெளியே வரும்.

“அண்ணே, ஆறடி அலமாரி ஃபர்னிச்சரா, கேஸ்வொர்க்கா?” என்று புதுப்பையன் கேட்பான். நியாயமான கேள்வி. தரைப்படம் வழக்கமாக நாலடி உயரத்தில் வெட்டப்படும்; கேஸ்வொர்க் (பொருத்திவைத்த அலமாரி வகை) அங்கே வெட்டுப்படும், ஃபர்னிச்சர் படாது. “ஜெனரிக் மாடல்ல போடுடா, அதுவும்தான் வெட்டுப்படும்!” என்பார் அண்ணன். அது உண்மை என்பதுதான் கொடுமை.

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ரெவிட்டில் நாமாகப் புதுக் கேட்டகரி உண்டாக்க முடியாது. இருப்பதற்குக் கீழே உட்பிரிவு வேண்டுமானால் சேர்க்கலாம். மருத்துவக் கருவிக்கும் பெயர்ப்பலகைக்கும் தனி இடம் கிடைத்ததே 2022 பதிப்பில்தான். அதுவரை எங்கே வைப்பது என்று ஊரே குழம்பியது. அண்ணன் மட்டும் குழம்பவில்லை.

ஒருநாள் கதவு ஷெட்யூல் காலி என்று மேனேஜர் கத்தினார். அண்ணன் அசரவில்லை, ஃபேமிலியைத் திறந்து கேட்டகரியைக் ‘கதவு’ என்று மாற்றி மறுபடி ஏற்றினார். ஷெட்யூல் நிரம்பி வழிந்தது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். பையன்தான் வெட்டுப்படத்தைத் திறந்து பார்த்தான். சுவரோடு சேராத டெம்ப்ளேட்டில் செய்தவை அவை. கேட்டகரி மாறினாலும் சுவரைத் துளைக்கத் தெரியாதவை. கதவுகளுக்குள்ளே சுவர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஒரு ஆள்கூட உள்ளே போக முடியாதே!”

“கதவு எத்தனைன்னுதானேடா கேட்டாங்க?”