மாதிரி ஆண்டு 1976: ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கலிஃபோர்னியா காற்று வள வாரியம், சாக்ரமென்டோ.

பொருள்: 1976ஆம் ஆண்டு மாதிரி போர்ஷே 911 எஸ் கார்களின் புகைபோக்கியை மாற்றிக்கொள்ள இசைவு கோருதல் தொடர்பாக.

மாண்பமை வாரியத்தினருக்கு,

மேற்கண்ட கார்களின் உரிமையாளர்கள் சார்பில் பணிந்து சமர்ப்பிக்கப்படும் இவ்விண்ணப்பம், வாரியத்தின் அருமை அறியாதார் எழுதியது அன்று. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்த புகைமூட்டத்தை ஜப்பானியரின் நச்சுவாயுத் தாக்குதல் என்று எண்ணி மக்கள் அஞ்சியதும், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலாளர் ஊர்க்காற்றின் பக்கம் திரும்பி, வாகனங்களும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் எரியாத ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதாலேயே அம்மூட்டம் உண்டாகிறது என்று கண்டறிந்ததும், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானதும் உரிமையாளர்கள் நன்கறிந்த வரலாறு. அந்நகரத்தார் கண்ணுக்கு இன்று சான் கேப்ரியல் மலைத்தொடர் தெரிகிறதென்றால் அதில் வாரியத்தின் பங்கு பெரிது என்பதை மறுப்பார் நன்றி கொன்றவரே ஆவர்.

இனி விண்ணப்பத்துக்குரிய காரைப் பற்றிச் சில சொற்கள். அதன் என்ஜின் பின்புறத்தில் அமைந்தது, நீரின்றி, விசிறிக் காற்றாலும் எண்ணெயாலும் மட்டுமே குளிர்விக்கப்படுவது, 2.7 லிட்டர் கொள்ளளவும், மக்னீசியக் கலவையில் வார்த்த கிராங்க் கேஸும் உடையது. 1975 மாதிரியில் கலிஃபோர்னியாவுக்கென்று அனுப்பப்பட்ட கார்களிலும், 1976, 1977 மாதிரிகளில் அமெரிக்கா முழுமைக்கும் வந்தவற்றிலும், என்ஜினை விட்டுப் புகை வெளியேறும் வாயிலிலேயே, தெர்மல் ரியாக்டர் எனப்படும் எரிகலம் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்தது. என்ஜினில் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும், பம்பு வழியே புகுத்தப்படும் காற்றோடு சேர்த்து, வெப்பம் வெளியேறாதபடி மூடிய கலத்துக்குள் மறுபடியும் எரிப்பது அதன் தொழில். அத்தொழிலை அது குறைவின்றிச் செய்தது என்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. காற்றையும் எண்ணெயையும் தவிர வேறு துணையில்லாத என்ஜினின் இருபுறமும் ஓயாத அனல் நின்றது. சூடேறிய மக்னீசியம் அதில் முறுக்கப்பட்டிருந்த எஃகு ஸ்டட்டுகளைவிட மிகுதியாக விரிந்தது. சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்டட்டுகள் மரையோடு பெயர்ந்துவந்தன. பிடி தளர்ந்த இடத்தில் எண்ணெய் கசிந்தது. கசிந்த எண்ணெய் சூடான கலத்தின் மீதே சொட்டிப் புகைந்தபோது, அப்புகையை வாரியம் எந்தப் பத்தியில் வரவு வைத்தது என்று கேட்கும் துணிவு உரிமையாளர்களுக்கு இல்லை. 1978 மாதிரியில் அந்த நிறுவனமே ரியாக்டரைக் கைவிட்டு, கிராங்க் கேஸையும் அலுமினியத்துக்கு மாற்றிக்கொண்டது.

மெக்கானிக்குகள் கண்ட தீர்வு, ரியாக்டர்களைக் கழற்றிவிட்டு முந்தைய மாதிரிகளின் வெப்பப் பரிமாற்றிகளைத் துருப்பிடிக்காத எஃகில் செய்து மாட்டுவதாகும். வெப்பப் பரிமாற்றி என்பது, புகைக்குழாய்களுக்கு மேலுறையிட்டு, அவ்வுறைக்குள் ஓடும் விசிறிக் காற்றைச் சூடேற்றிக் குளிர்காலத்தில் காரின் உள்ளறைக்கு அனுப்பும் அமைப்பு. இதனால் என்ஜினைச் சூழும் அனல் தணிகிறது, புகை தங்குதடையின்றி வெளியேறுகிறது, அந்த ஆறு சிலிண்டருக்கே உரிய கரகரத்த உறுமலும் திரும்பக் கிடைக்கிறது. உரிமையாளர்கள் இக்கடைசிக் காரணத்தை எழுத்தில் கடைசியாகவும் மனத்தில் முதலாவதாகவும் வைத்திருக்கின்றனர் என்பதை வாரியம் பொறுத்தருள வேண்டும்.

இங்கே குறுக்கிடுவது காரின் பிறப்பு. 1984இல் தொடங்கிய புகைச் சோதனைத் திட்டத்தில், 30 ஆண்டு நிறைந்த வாகனங்களுக்கு ஆண்டுதோறும் விடுதலை கிடைத்துக்கொண்டே வரும்படி பின்னர் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. 2004இல் சட்டமன்றம் அதை நிறுத்தி, 1975 மாதிரி வரையிலானவற்றுக்கு விடுதலை என்றும், 1976 முதலானவற்றுக்கு எத்தனை வயதானாலும் சோதனை என்றும் கோடு கிழித்தது. ஹம்மர் என்னும் போர்க்கள வண்டியை ஊர்த் தெருக்களில் ஓட்டிப் புகழ்பெற்ற நடிகர் அப்போது ஆளுநராக இருந்து அதற்குக் கையொப்பமிட்டார் என்பது வழக்குக்குத் தொடர்பற்ற செய்தியாதலால் இங்கே வலியுறுத்தப்படவில்லை. மாதிரி ஆண்டு என்பது நாட்காட்டி ஆண்டு அன்று. 1976 மாதிரிகள் 1975இன் பிற்பகுதியிலேயே ஸ்டுட்கார்ட் ஆலையை விட்டு வெளிவந்தன. ஆகவே ஒரே ஆலையில், ஒரே ஆண்டில், ஒரே வகை என்ஜினோடும் ஒரே வகை ரியாக்டரோடும் சில மாத இடைவெளியில் பிறந்த இரு கார்களில் ஒன்று இன்று எந்தச் சோதனைச் சாவடிக்கும் போவதில்லை. மற்றது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போயாக வேண்டும். பிறந்த நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பலன் சொல்லும் சோதிடருக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது. மூத்த காரிலும் ரியாக்டரைக் கழற்றுவது சட்டப்படி குற்றமே. குற்றம் உண்டு, வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

பழைய கார்கள் எண்ணிக்கையில் குறைவாயினும் புகையில் மிகுதி என்பது கோடு கிழித்தவர்கள் தரப்பு நியாயம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த நியாயத்தின்படி மிகுந்த புகை விடுபவை கோட்டுக்கு அப்பால் விடுதலை பெற்று நிற்பவைதாம்.

சோதனை நடக்கும் முறையும் வியப்புக்குரியது. மக்கள் நெருங்கி வாழும் வட்டாரங்களில், 1976 முதல் 1999 வரையிலான மாதிரிகளை உருளைகளின் மீது ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓட்டி, வால்குழாயில் கருவியைச் செருகிப் புகையை அளக்கின்றனர். அதோடு கண்பார்வைச் சோதனை என்று ஒன்றும் உண்டு. ஆலை பொருத்திய தூய்மைக் கருவிகள் அனைத்தும் அவையவை இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஆய்வாளர் பார்ப்பது அது. புகை அளவில் எல்லைக்குள் நின்ற காரும், ரியாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு குழாய் தென்பட்டால் தோற்றதாகவே எழுதப்படும். 2000ஆம் ஆண்டு மாதிரி முதலான பெட்ரோல் கார்களுக்கோ வால்குழாயில் எதையும் செருகுவதில்லை. காரின் கணினியைக் கேட்டு, அது சொல்வதைக் குறித்துக்கொள்கின்றனர். உண்மையாகவே புகை அளக்கப்படும் காருக்கு அந்த அளவு மட்டும் போதாது என்பதும், சொல் போதுமான காருக்கு அளவே வேண்டாம் என்பதும் வாரியத்தின் நுண்ணறிவுக்கு மட்டுமே எட்டும் தத்துவம்.

மாற்றுக் குழாய்க்கு வழியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. புகைத் தூய்மையைப் பாதிக்காது என்று செய்தவர் சோதித்து மெய்ப்பித்தால், வாரியம் அப்பொருளுக்கு நிறைவேற்று ஆணை எண் ஒன்றை வழங்கும். அவ்வெண் பொறித்த பொருளை ஆய்வாளர் ஏற்பார். தூய்மைக் கருவிக்குப் பின்னால் வரும் சைலன்சருக்கு எண் தேவையில்லை, முன்னால் வருவதற்குத் தேவை. இக்காரிலோ கருவி என்ஜினின் வாயிலிலேயே இருப்பதால், அதற்கு முன்னால் என்று ஓரிடமே இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் வந்த சில ஆயிரம் கார்களுக்காக எந்தப் பட்டறைக்காரர் ஆய்வகச் செலவை ஏற்று எண் வாங்குவார் என்பதை வாரியமே சிந்திக்கலாம். பழைய ரியாக்டரோ வெடித்தும் துருவேறியும்தான் கைக்கு வருகிறது. பொருள் எங்கும் கிடைக்கவில்லை என்பது உறுதியானால், வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தின் நடுவர் வரம்புக்குட்பட்ட விலக்கு வழங்குவதுண்டு. ஆக, காரோட்ட விரும்புபவர் முதலில் இல்லாத ஒன்றை முறைப்படி தேடித் தோற்றாக வேண்டும்.

ஒலி பற்றிய விதி இன்னும் நயமானது. இவ்வகைக் கார்களின் புகைபோக்கி ஒலி, வகுக்கப்பட்ட முறைப்படி, குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில் வைத்த ஒலிவாங்கியால் அளக்கப்படும்போது 95 டெசிபெல்லைத் தாண்டாவிட்டால் சட்டத்துக்கு உட்பட்டது. சாலையோரம் நிற்கும் காவலர் குற்றச்சீட்டு எழுத ஒலிவாங்கியும் மீட்டரும் கட்டாயமில்லை, இரண்டு காதுகள் போதும். 2019 முதல், சரிசெய்துவிட்டு வந்தால் தண்டம் இல்லை என்ற பழைய சலுகையும் நீங்கிவிட்டது. முன்னெச்சரிக்கையுள்ள உரிமையாளர் ஒருவர் புது சைலன்சரை மாட்டியவுடன் நடுவரிடம் சென்று அளந்து சான்றிதழ் கேட்டால் கிடைக்காது. ஒலிக் குற்றச்சீட்டு பெற்ற வாகனங்களுக்கு மட்டுமே அச்சோதனை என்று வாகனச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எனவே சட்டத்தை மதிக்கும் குடிமகன், தான் சட்டத்தை மீறவில்லை என்று எழுதி வாங்குவதற்கு முன், காவலர் ஒருவரின் செவிக்கு எட்டும்படி ஓட்டிப் பிடிபட்டாக வேண்டும்.

2025இல் செனட்டர் ஷானன் குரோவ், 35 ஆண்டு கடந்து சேகரிப்பு வாகனமாகக் காப்பீடு பெற்ற கார்களுக்கு விலக்களிக்கும் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். கார்ப்பித்தரான நகைச்சுவை நடிகர் ஜே லெனோ ஆதரித்ததால் அது அவர் பெயராலேயே வழங்கிற்று. செனட்டைக் கடந்த அம்மசோதா, ஆகஸ்டில் கீழவையின் நிதிக்குழுவில் அடங்கிப்போனது. நகைச்சுவை நடிகரால் முடியாததை ஒரு விண்ணப்பம் சாதித்துவிடும் என்று உரிமையாளர்கள் நம்பவில்லை.

ஆகவே அவர்கள் கோருவது சிறிது. 911இன் என்ஜின் பின்னால் இருப்பதால் முன்புறம் சாமான் வைக்கும் இடம் காலியாகவே கிடக்கிறது. கழற்றிய இரு ரியாக்டர்களையும் துடைத்து, துணி விரித்து, அவ்விடத்தில் கிடத்தி, சோதனை நாளில் மூடியைத் திறந்து ஆய்வாளருக்குக் காட்ட உரிமையாளர்கள் ஆயத்தமாக உள்ளனர். சோதனை கண்பார்வைக்கே உரியதாதலால், கருவி காருக்குள் இருப்பதைக் கண்ட பின் சான்றிதழ் தருவதில் தடை ஏதும் இருக்க முடியாது. அவ்வாறு எடுத்துவர இசைவளித்து, அதற்கென ஒரு நிறைவேற்று ஆணை எண்ணும் வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
1976 மாதிரிக்காரர்கள்

நகல்: வாகனப் பழுதுபார்ப்புப் பணியகம், தகவலுக்காக.