கேள்வி – பதில்: துப்பறிந்து பிழைத்த எழுத்தாளர்

கே: துப்பறியும் கதை எழுதுகிறவர்களில் உண்மையாகவே துப்பறிந்தவர் எவரேனும் உண்டா?

ப: உண்டு. அமெரிக்கரான டாஷியல் ஹாமெட், சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, 1915இல் பால்டிமோர் நகரத்துப் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்து, பிறரைப் பின்தொடர்வதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர். தமக்குத் தெரிந்த ஒருவன் ராட்சத ராட்டினத்தையே திருடிவிட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். அதை அவன் எங்கே ஒளித்தான் என்பதைச் சொல்லாமல் விட்டதிலேயே கதாசிரிய லட்சணம் தெரிகிறதல்லவா?

கே: அந்த உத்தியோகத்தை ஏன் விட்டார்?

ப: க்ஷயரோகம் விடச் செய்தது. ஓடியாட இயலாதவர் ஸான் பிரான்ஸிஸ்கோவில் உட்கார்ந்து, மட்டக் காகிதத்தில் அச்சான ‘பிளாக் மாஸ்க்’ பத்திரிகைக்கு எழுதலானார். சன்மானம் சொல்லுக்கு இத்தனை காசு என்று. அப்படியிருந்தும் சொல்லைச் சுருக்கியே எழுதிய அதிசயப் பிறவி அவர்.

கே: ஷெர்லக் ஹோம்ஸைவிட இவருடைய துப்பறிவாளர் எவ்விதத்தில் உயர்ந்தவர்?

ப: உயர்ந்தவரே அல்லர், அதுதான் விசேஷம். ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே சுருட்டின் ஜாதகத்தைக் கணிப்பார். ஹாமெட்டின் ஆரம்பக் கதைகளில் வருகிறவரோ பெயர்கூட இல்லாத, குட்டையான, உடல் பருத்த, நடுவயதுச் சம்பளக்காரர். 1930இல் நூலாக வந்த ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலில், கூட்டாளி கொல்லப்பட்டான் என்ற செய்தி நள்ளிரவுக்குமேல் தொலைபேசியில் துப்பறிவாளன் ஸாம் ஸ்பேடுக்கு வருகிறது. வேறொருவர் எழுதியிருந்தால் இரண்டு பக்கத்துக்கு நெஞ்சு துடித்திருக்கும். ஹாமெட்டோ, அவனுடைய விரல்கள் காகிதத்தில் புகையிலையைப் பரப்பி, சுருட்டி, ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டுவதை நிதானமாக வர்ணித்துவிட்டு, மனத்துக்குள் என்ன நிகழ்ந்தது என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அவன் துக்கப்படுகிறானா, கணக்குப் போடுகிறானா என்று துப்பறிகிற வேலை வாசகர் தலையில் விழுகிறது.

கே: அவருக்குச் சிஷ்யர்கள் உண்டா?

ப: கணக்கில்லை. தலையாயவர் ரேமண்ட் சாண்ட்லர். எண்ணெய்க் கம்பெனி வேலை போனபின் எழுத வந்தவர். 1944இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஹாமெட்டின் பெருமையைத் தாராளமாகப் பேசினார். போலிகளைப் பற்றிக் கேளாதீர்; தொப்பியையும் சிகரெட்டையும் கவர்ந்துகொண்டு, நடையை மறந்துவிட்டார்கள்.

கே: ஹாமெட் 1934க்குப் பிறகு நாவலே எழுதவில்லையாமே?

ப: குடி என்பர் சிலர், ஹாலிவுட் பணம் என்பர் சிலர். இரண்டும் ஒருங்கே வாய்த்தவருக்கு மூன்றாவது காரணம் எதற்கு?

கே: அவர் சிறைக்கும் சென்றாராமே, எந்தக் குற்றத்துக்காக?

ப: மௌனக் குற்றத்துக்காக. 1951இல், இடதுசாரிகளுக்கான ஜாமீன் நிதி ஒன்றின் பொறுப்பாளராக இருந்த அவரை நீதிமன்றத்துக்கு அழைத்து, பணம் கொடுத்தவர்களின் பெயரைக் கேட்டபோது, சொல்ல மறுத்து ஆறு மாத தண்டனை பெற்றார். அந்தப் பெயர்கள் அவருக்குத் தெரியவே தெரியாது என்று அவருடைய தோழி லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். “தெரியாது” என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அதைக்கூடச் சொல்ல அவருக்கு மனமில்லை. இரண்டு உலக யுத்தங்களிலும் ராணுவத்தில் சேவை செய்த அம்மனிதரை, 1961இல் இறந்ததும், அதே அரசாங்கம் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்தது.

கே: எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

ப: ஐந்தே நாவல்கள்தாம். ‘மால்டீஸ் ஃபால்கன்’ முதலில் ஆகட்டும். அதன் முடிவைச் சொல்ல எந்த நண்பராவது வாயெடுத்தால், அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடும்.