ஒத்தாசைப் பக்கத்து ஒழுகலாறுகள்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவையும் எல்லையும்

தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. சோழர்களைப் பற்றி அறியலாம். சுறாக்களைப் பற்றி அறியலாம். சனிக் கோளின் வளையங்களைப் பற்றியும் அறியலாம். ஆனால் தான் போட்ட அட்டவணையின் கடைசிக் கட்டம் மட்டும் ஏன் பக்கத்தின் மறுகோடியில் போய் நிற்கிறது என்று நள்ளிரவில் திகைத்திருப்பவரின் நிலையைப் பற்றி அங்கே ஒரு குறுங்கட்டுரைகூட இல்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவே ஆய்வுக் களம். தொகுத்தலிலும் வடிவமைப்பிலும் உதவி கேட்டல், உதவி பெறுதல், உதவி பெறாமை ஆகிய மூன்றும் ஆய்வுப் பொருள். இவற்றுள் மூன்றாவது தனி நூலாக விரியத்தக்கது. இடம் கருதி இங்கே சுருக்கப்பட்டது.

உதவி கிடைக்கும் இடங்கள் நான்கு. ஆலமரத்தடி பொது விவாதத்துக்கு உரியது; ஆகவே பஞ்சாயத்துக்கும் உரியது. ஒத்தாசைப் பக்கம் கேள்விகளுக்கு உரியது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு; அங்கே பெரும்பாலும் ஒருவர் பேசுவார், எவரும் கேட்கமாட்டார். மணல்தொட்டி எதை எழுதினாலும் குற்றமில்லாத இடம். அதனாலேயே எவரும் திருத்த வராத இடம். ஆங்கில விக்கிப்பீடியர்கள் 2012இல் புதியவர்களுக்கென ஒரு தேநீரகமே திறந்தார்கள். நம்மவர்கள் ஆலமரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தேநீர் அவரவர் பொறுப்பு.

2. குற்றங்களின் வகை

ஒத்தாசை நாடிவருவோரை வருத்தும் வடிவக் குற்றங்கள் நால்வகைப்படும்: குறிக் குற்றம், வெளிக் குற்றம், அடைப்புக் குற்றம், இறக்குமதிக் குற்றம்.

குறிக் குற்றமாவது மேற்கோள் குறியை எண்ணத் தவறுவது. சொல்லின் இருபுறமும் ஒற்றை மேற்கோள் குறியை இரண்டிரண்டாக இட்டால் எழுத்து சாயும். மும்மூன்றாக இட்டால் தடிக்கும். ஐந்தைந்தாக இட்டால் தடித்துச் சாயும். நான்கு இட்டால் என்னாகும் எனின், மூன்று குறிகள் தடிப்பிக்கப் போய்விட, எஞ்சிய ஒன்று வேலையின்றிச் சொல்லின் பக்கத்தில் நிற்கும். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்பதே ஒத்தாசை நாடுவோரின் முதல் கேள்வியாக அமைவது வழக்கம்.

வெளிக் குற்றம் நல்ல மாணாக்கர்களுக்கே வருவது. பத்தியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்கவேண்டும் என்று பள்ளியில் கற்றவர் இங்கும் வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விடுகிறார். மென்பொருள் அதை வேறாகப் புரிந்துகொண்டு, அந்த வரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மைசூர்பாகு போலக் கட்டம் கட்டிவிடுகிறது. எழுத்துரு மாறிவிடும். வரி மடங்காமல் வலப்புறம் ஓடித் திரையைத் தாண்டிப் போகும். ஆசிரியரிடம் பாராட்டுப் பெற்ற பழக்கம் ஒன்று இவ்வளவு கேடு விளைவிப்பது கல்வியாளர்களின் கவனத்துக்கு உரியது.

அடைப்புக் குற்றம் திறந்ததை மூடாமை. இரட்டை அடைப்பில் ஒன்று விடுபட்டால், பல பக்கங்களில் அழைத்துக்கொள்ளும் ஆயத்தத் துண்டாகிய வார்ப்புரு தன் குடலையெல்லாம் வெளியே கொட்டும். மேற்கோளுக்கான ரெஃப் குறிச்சொல்லை மூடாவிட்டால் சிவப்பெழுத்தில் பிழைச்செய்தி வரும். இவற்றிலும் கொடியது, தொகுப்போர் கண்ணுக்கு மட்டும் எழுதும் மறைகுறிப்பின் குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போவது. அதன்பின் பக்கத்தில் உள்ள அனைத்தும் வாசகர் கண்ணிலிருந்து மறைந்துபோகும். ஒத்தாசைப் பக்கத்திலேயே ஒருவர் இப்படிச் செய்தால், அவருக்குக் கீழே உதவி கேட்டு நின்றவர் அனைவரும் ஒரே நொடியில் காணாமல் போவர். தன் குறையைச் சொல்ல வந்தவர் பிறர் குறையையெல்லாம் தீர்த்துவைத்தார் எனவும் இதனைக் கூறலாம்.

இறக்குமதிக் குற்றமாவது ஆங்கிலக் கட்டுரையின் தகவற்பெட்டியை அப்படியே வெட்டிக்கொண்டுவந்து ஒட்டுவது. அப்பெட்டி இன்னொரு வார்ப்புருவை அழைக்கும். அது மூன்று வார்ப்புருக்களை அழைக்கும். அவற்றுள் ஒன்று லூவா நிரல் ஒன்றைத் தேடும். தமிழில் இல்லாதவை யாவும் சிவப்பு இணைப்புகளாக வரிசையில் நிற்கும். ஓர் ஊரின் மக்கள்தொகையைக் காட்ட முயன்றவர், உலகின் கால வலயங்களைக் கணக்கிடும் வார்ப்புரு வரைக்கும் மொழிபெயர்க்க நேர்வது இவ்வாறுதான்.

3. கேட்டல் இலக்கணம்

உதவி கேட்போர் முதலில் எழுதும் தொடர் “வேலை செய்யவில்லை” என்பது. எது வேலை செய்யவில்லை, எந்தக் கட்டுரையில், கணினியிலா கைப்பேசியிலா என்பன தோன்றா எழுவாயாகவும் தோன்றாச் செயப்படுபொருளாகவும் நிற்கும். பிழையின் மாதிரியைக் காட்டுவோரும் உண்டு. அவர்கள் உடைந்த வார்ப்புருவைக் கேள்வியிலேயே ஒட்டுகிறார்கள். அது ஒத்தாசைப் பக்கத்திலும் உடைகிறது. உடைந்ததை உடைந்தபடி காட்ட அதை நோவிக்கி என்னும் குறிச்சொற்களுக்குள் இடவேண்டும். அக்குறிச்சொல்லை அறிந்தவருக்குப் பெரும்பாலும் ஒத்தாசை தேவைப்படாது.

கேள்வியின் இறுதியில் நான்கு அலைக்குறிகள் இடுவது மரபு: ~~~~. சேமித்தவுடன் அவை பெயரும் நேரமுமாக மாறும். மூன்று இட்டால் பெயர் மட்டும். ஐந்து இட்டால் நேரம் மட்டும். ஐந்து இட்டவர் தாம் யார் என்று சொல்லாமல் எப்போது துன்பப்பட்டார் என்பதை மட்டும் சொல்லிச் செல்கிறார். அந்த நேரமும் உலகப் பொது நேரம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ காலை ஒன்பது மணிக்குக் குளித்து முழுகி அமர்ந்து கேட்ட கேள்வி, அதிகாலை மூன்றரைக்குத் தூக்கம் கெட்டவர் கேட்டதாகப் பதிவாகும். பின்வரும் ஆய்வாளர்கள் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்க.

4. உதவுவோர் வகை

உதவுவோர் மூவர். முதலாமவர் செய்வார். கேள்வியைப் படிப்பார், கட்டுரைக்குப் போவார், விடுபட்ட அடைப்பைப் போடுவார், திரும்பிவந்து ஒரு பச்சைக் குறியுடன் “ஆயிற்று” என்று எழுதுவார். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்பது சொல்லப்படாது.

இரண்டாமவர் சுட்டுவார். உதவிப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பார். அந்த உதவிப் பக்கத்தை எழுதியவர் எல்லாம் தெரிந்தவர். ஆதலின் தெரியாதவருக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அதனைப் படித்து முடித்தவர் புதிதாக மூன்று கேள்விகளுடன் திரும்புவார்.

மூன்றாமவர் கிளை பிரிப்பார். கேள்வி அட்டவணையின் கோடு பற்றியது. அட்டவணையில் ஓரிடத்தில் ‘ஜெர்மனி’ என்றிருக்கும். ‘ஜேர்மனி’ என்பதே ஈழ வழக்கு என்பார் ஒருவர். கிரந்தம் தவிர்த்துச் ‘செருமனி’ என்க என்பார் மற்றொருவர். விவாதம் ஆலமரத்தடிக்குப் பெயரும். பழைய விவாதங்களின் காப்பகங்கள் தோண்டி எடுக்கப்படும். ஒரு வழிமாற்றுப் பக்கத்தோடு சமரசம் பிறக்கும். அட்டவணையின் கோடு அப்போதும் கோணலாகவே இருக்கும். இது தமிழர்க்கே உரிய குணம் என்று எண்ணி வருந்தவேண்டா. ‘ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னஸ்’ என்ற 2013ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயரில் ‘இன்டு’ என்னும் சொல்லின் முதலெழுத்து பெரியதா சிறியதா என்று ஆங்கில விக்கிப்பீடியர்கள் நாற்பதாயிரம் சொற்களுக்கு மேல் வாதாடியிருக்கிறார்கள்.

5. ஒத்தாசை விதி

மேற்கண்டவற்றால் பெறப்படும் விதியாவது: கலைக்களஞ்சியத்தில் உதவி, கேட்டவரிடம் செல்வதில்லை, பிழை செய்தவரிடம் செல்கிறது.

காரணம் என்னையெனின், கேள்வி ஓரிடத்தில் இருந்து காத்திருப்பது. எவராவது அப்பக்கத்தைத் திறந்தால்தான் அது கண்ணில் படும். பிழையோ தானே நடந்து செல்வது. சேமித்த மறுகணம் அது ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியலில் ஏறிவிடும். அக்கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்போர் ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். சென்னை உறங்கும் வேளையில் டொராண்டோவில் ஒருவர் விழித்திருப்பார். கட்டுரை எவருக்கும் சொந்தமில்லை என்பது விதிமுறை. ஆனால் தான் வளர்த்த கட்டுரையில் ஒரு கட்டம் கோணினால் பொறுக்காமை மனித இயற்கை. ஒத்தாசைப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடந்த கேள்விக்குரிய அதே பிழை, கட்டுரையில் நேர்ந்தபோது தேநீர் ஆறுமுன் திருத்தப்படுவதன் காரணம் இதுவே.

இவ்விதி முற்றிலும் புதிதன்று. இணையத்தில் சரியான விடை வேண்டுமானால் கேள்வி கேட்காதே, தவறான விடையைப் போடு என்பதைக் கன்னிங்காம் விதி என்பர். வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கித் தளத்தை நிறுவியவர். அவர் பெயரால் அதைப் பரப்பியவர் ஸ்டீவன் மெகீடி. தாம் அப்படிச் சொன்னதில்லை என்று கன்னிங்காம் மறுத்தார். தவறாகச் சொன்னதும் உரியவரே வந்து திருத்தினார் என்பதால், மறுத்ததன் மூலம் அவர் அவ்விதியை நிறுவினார் எனக் கொள்க.

6. தடையும் விடையும்

அற்றேல், எல்லாரும் பிழை செய்யப் புகுந்தால் களஞ்சியம் அழியாதோ எனின், அழியாது. ஒவ்வொரு பக்கத்தின் ஒவ்வொரு பதிப்பும் வரலாற்றில் கிடக்கிறது. ஒரு சொடுக்கில் பழைய நிலைக்கு மீட்கலாம். துணிந்து தொகுங்கள் என்பதும் புதியவரைக் கடியாதீர் என்பதும் விக்கிப்பீடியாவின் பழைய வழிகாட்டல்கள்.

அங்ஙனமாயின் இராசராச சோழன் காலத்தை இரு நூற்றாண்டு தள்ளிப்போட்டு ஆள் வருகிறாரா என்று பார்க்கலாமோ எனின், கூடாது. அது விசமத் தொகுப்பு. இவ்விதி வடிவத்துக்கு உரியது, செய்திக்கு உரியதன்று. தெரிந்த வரை நேர்மையாக முயன்று, கோணினாலும் சேமி என்பதே இதன் கருத்து. ஒருவர் திருத்தியதை மறுபடி மாற்றி, அவர் மறுபடி திருத்தி, இப்படி ஒரே நாளில் மும்முறைக்கு மேல் மீளமைத்தால் அது தொகுப்புப் போராகும். அங்கே ஒத்தாசை வராது, நிருவாகி வருவார்.

பிறர் திருத்திக்கொண்டே இருந்தால் கற்பது எப்போது எனின், ‘ஆயிற்று’ என்ற சொல்லோடு திருப்தியடைந்து போகிறவர் கற்பதில்லை. வரலாற்றுப் பக்கத்தில் வேறுபாட்டைத் திறந்தால் இடப்பக்கம் தாம் செய்ததும் வலப்பக்கம் திருத்தியவர் செய்ததும் நிறம் தீட்டி நிற்கும். ஒத்தாசைப் பக்கத்தில் எவரும் எழுதாத விளக்கம் அங்கே இருக்கிறது. மௌனமாக உதவியவர் அங்கேதான் பேசியிருக்கிறார்.

7. முடிபும் பரிந்துரையும்

உதவப் பெரிதும் தகுதியுடையவர் அனுபவசாலி அல்லர். போன மாதம் அதே இடத்தில் இடறியவர். அனுபவசாலிக்கு அடைப்பு விரலில் இருக்கிறது. அதை ஒரு காலத்தில் அறியாதிருந்தது நினைவில் இல்லை. இடறியவருக்கு எந்தச் சொல்லைத் தேடிக் களைத்தோம் என்பது நினைவிருக்கும். எனவே ஒத்தாசை பெற்ற ஒவ்வொருவரும், தாம் கேட்ட அதே சொற்களில், கிடைத்த விடையை உதவிப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கவேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. “வேலை செய்யவில்லை” என்று தேடிவருபவர்க்கு “வரியின் முதலில் இடைவெளி விடாதே” என்பது கிடைத்தால், உதவிப் பக்கங்களில் பாதி தேவைப்படாது போகும்.

திருத்தியவருக்கு நன்றி சொல்ல வரலாற்றுப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்துவது பண்பு; உதவிப் பக்கத்தில் அந்த ஒரு வரியை எழுதுவது கடன். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது எனின், கடனை அடைக்க.