காரை ஓட்டாமல் கார் ரேஸ் ஆடுவது எப்படி?

வாழ்த்துகள். புது ரேஸ் கேம் இறங்கி முடிந்துவிட்டது. நூறு ஜிபிக்கு மேல் விழுங்கியிருக்கும். அண்ணனின் கல்யாண வீடியோவை அழித்துத்தான் இடம் பண்ணியிருப்பீர்கள். நல்ல தொடக்கம். இனி நீங்கள் செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்று: அதை நிம்மதியாக ஓட்டுவது. ஓட்டினால், எவ்வளவு சுமாராக ஓட்டுகிறீர்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துபோகும். அந்த ஆபத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடத்தான் இந்த வழிகாட்டி. பாதியை ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிறீர்கள். மீதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. எண்ணைத் திரையில் போடுங்கள்.

காரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, எஃப்.பி.எஸ்., அதாவது விநாடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வருகிறது என்று காட்டும் எண்ணைத் திரையின் மூலையில் வரவழையுங்கள். பெரிய எழுத்தில், பச்சை நிறத்தில். பந்தயம் முழுக்க உங்கள் கண் அங்கேயே இருக்கட்டும். பிரேக் அடிக்க வேண்டிய இடத்தைச் சொல்லும் நூறு மீட்டர் பலகை ஓரத்தில் வரும், போகும். அதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

2. ஒரு கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்.

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 83 மீட்டர் போகிறது. 30 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 2.8 மீட்டர் கடந்துவிடும். 60 ஃபிரேமில் 1.4 மீட்டர். கணக்கு சரியானது, அதுதான் இதன் அழகு. வளைவைத் தவறவிட்டுப் புல்லுக்குள் இறங்கும் ஒவ்வொரு முறையும் எடுத்து விடுங்கள்: "அந்த ஒன்றரை மீட்டர் கண்ணுக்கே வரவில்லை!" நீங்கள் பிரேக்கைத் தொட்டது நாற்பது மீட்டர் தள்ளி என்பதை யாரும் அளக்கப் போவதில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று பாட்டி ஆரம்பித்தால், கூடம் முப்பது ஃபிரேமில் ஓடுகிறது என்று திருத்துங்கள்.

3. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, 60 ஹெர்ட்ஸில் விட்டுவிடுங்கள்.

மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பதுதான் ஹெர்ட்ஸ். அதைக் குறைவாக விடத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் பல சமயம் 60-லேயே நிற்கும்; செட்டிங்ஸுக்குள் போய் மாற்ற வேண்டும். போகாதீர்கள். கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகினால் இன்னும் விசேஷம். கடன் வாங்கி வாங்கிய கார்டு, உள்ளே கலர் விளக்கு எரித்துக்கொண்டு சும்மா இருக்கும். பிறகு நண்பர்களை அழைத்து உட்கார வைத்து, "வித்தியாசம் தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரிகிறது என்பார்கள். காபி உங்கள் வீட்டுக் காபி அல்லவா.

4. ஆளில்லாத தடத்தில் சோதியுங்கள்.

கிராபிக்ஸ் எல்லாவற்றையும் 'அல்ட்ரா'வில் வையுங்கள். வெயில் நேரம், காய்ந்த தடம், உங்கள் கார் ஒன்று மட்டும். எண் 60-ஐத் தொடுகிறதா? முடிந்தது வேலை. பந்தயம் தொடங்கி, இருபது கார்களும் மழையில் தண்ணீரை வாரி இறைத்தபடி முதல் வளைவுக்குள் ஒரே நேரத்தில் நுழையும்போது எண் 38-க்கு விழும். கூர்மையாகக் கண் தேவைப்படும் ஒரே இடம் அது. அங்கேதான் அடுத்தவன் பின்புறத்தில் மோத வேண்டும். மோதிய பின் சராசரியை எடுத்துக் காட்டுங்கள். சராசரி அப்போதும் 58 என்றுதான் இருக்கும். ஒரு படம் 10 மில்லி விநாடியிலும் அடுத்தது 40 மில்லி விநாடியிலும் வந்து கை தடுமாறியதைச் சராசரி வெளியே சொல்லாது. அதைப் போல விசுவாசமான நண்பன் கிடைப்பது அரிது.

5. இல்லாத ஃபிரேம்களை வரவழையுங்கள்.

டிவியில் ஆடுகிறவர்கள் 'கேம் மோட்' என்ற பொத்தானை அணைத்துவைத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியை முழுக்க ஏற்றுங்கள். டிவி தானாகவே நடுவில் படங்களை இட்டு நிரப்பும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சற்று யோசித்துவிட்டுக் கார் திரும்பும். பெரிய மனிதர்களின் கார் அப்படித்தான் திரும்ப வேண்டும்.

கணினிக்காரர்களுக்கு இன்னும் பெரிய விருந்து. கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா 2025-ல் கொண்டுவந்த டிஎல்எஸ்எஸ் 4 என்ற தொழில்நுட்பத்தில், கார்டு ஒரு படத்தை முறையாக வரைந்தால் மூன்று வரை ஊகித்துச் சேர்க்கும். ஊகித்த படங்கள் உங்கள் கையைக் கேட்பதில்லை. முறையாக வரையப்பட்ட இரண்டு படங்களுக்கு நடுவே அவற்றைச் செருக வேண்டும் என்பதால், அடுத்த படம் வரும்வரை இருக்கிற படத்தை நிறுத்திவைத்துத்தான் காட்ட முடியும். ஆக, மூலையில் 240 என்று மின்னும். உங்கள் கை சொல்வதைக் கார் கேட்பது விநாடிக்கு அறுபது முறை, அதுவும் தாமதமாக. கேட்காவிட்டால் என்ன? எண்ணைப் பாருங்கள்.

6. வரலாற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதியை மட்டும்.

1994-ல் பிளேஸ்டேஷனோடு வந்த ரிட்ஜ் ரேசர் 30 ஃபிரேம். பிறகு ரிட்ஜ் ரேசர் டைப் 4 வாங்கியவர்களுக்கு, அதே பழைய கேமை 60 ஃபிரேமில் ஓட்டும் இன்னொரு டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஃபிரேமைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த காலம்! ஆர்கேடில் 60-ல் பறந்த டேட்டோனா யுஎஸ்ஏ, 1995-ல் சேகா சாட்டர்ன் இயந்திரத்துக்கு வந்தபோது இருபதுக்கு இறங்கிவிட்டது. 2014-ல் வந்த டிரைவ்கிளப் அழகுக்காக 30-லேயே நின்றது. தோற்கும் நாட்களில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விடுங்கள்.

சொல்லக்கூடாதது ஒன்று உண்டு. 1997-ன் கிரான் டுரிஸ்மோவும் வழக்கமான பந்தயங்களில் 30 ஃபிரேம்தான். அது ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஓட்டியவர்கள் வளைவைக் கற்றுக்கொண்டார்கள். இந்தத் தகவலை வீட்டில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. படத்தையும் காரையும் குழப்பிக்கொள்ளுங்கள்.

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி, நிதானமாகப் படியுங்கள். கேமுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, படம் வரைவது. மற்றொன்று, டயர், ஸ்பிரிங், எடை எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கார் எங்கே இருக்கிறது என்று முடிவு செய்வது. நல்ல கேம்களில் இரண்டாவது வேலை முதலாவதைக் கண்டுகொள்ளாமல் தன் வேகத்தில் நடக்கும். 2007-ன் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2 விநாடிக்கு 60 படம் காட்டியது. காரின் கணக்கை 360 முறை போட்டது. திரையில் படம் மாறாத இடைவெளியில்கூட டயர் நழுவிக்கொண்டிருந்தது.

இதை மறந்துவிடுங்கள். உங்களுக்கு ஏற்றது 2013-ன் நீட் ஃபார் ஸ்பீடு: ரைவல்ஸ். கணினியில் அதை 30 ஃபிரேமில் பூட்டி வைத்திருந்தார்கள். இது அநியாயம் என்று சிலர் பூட்டை உடைத்து 60-க்கு ஏற்றினார்கள். கேமின் கடிகாரம் ஃபிரேமோடு கட்டப்பட்டிருந்ததால் உலகமே இரட்டை வேகத்தில் ஓடத் தொடங்கியது. கார், போலீஸ், எல்லாம். ஃபிரேம் கூடினால் வேகம் கூடும் என்று இத்தனை நாள் நீங்கள் சொல்லிவந்ததை அறிவியல் அன்றைக்கு ஒப்புக்கொண்டது.

எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. ஜெஃப் கிராமண்ட் 1996-ல் எழுதிய கிராண்ட் பிரி 2-ல், கணினி தடுமாறினால் கேம் ஃபிரேமைத் தவறவிடாது, காலத்தையே மெதுவாக்கிவிடும். ஓ என்ற விசையைத் தட்டினால் பிராசசர் எத்தனை சதவீதம் மூச்சு வாங்குகிறது என்று காட்டும். நூறைத் தாண்டினால் கேமின் ஒரு விநாடி, சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை, இரண்டு என்று இழுக்கும். மொனாக்கோவின் ஊசிமுனை வளைவில் டீ குடித்துக்கொண்டே திரும்பலாம். லேப் நேரம் மட்டும் கேமின் கடிகாரப்படிதான் பதிவாகும். ஆகவே எவ்வளவு மோசமான கணினி கிடைக்குமோ அதை வாங்கி, எல்லா அலங்காரத்தையும் ஏற்றி, சாதனை படையுங்கள்.

8. யதார்த்தம் என்றால் கஷ்டம் என்று முடிவு கட்டுங்கள்.

ஒவ்வொரு வளைவிலும் கார் பம்பரமாய்ச் சுற்றினால் அது யதார்த்தமான கேம். சுற்றாவிட்டால் குழந்தைகளுக்கானது. டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் என்று சக்கரம் வழுக்காமல் காக்கும் இரண்டையும் உடனே அணையுங்கள். இன்றைய ஜிடி3 பந்தயக் கார்களில் இரண்டும் அசலாகவே பொருத்தப்பட்டிருக்கின்றன, அந்த ஓட்டுநர்கள் அவற்றை நம்பித்தான் ஓட்டுகிறார்கள் என்று யாராவது சொன்னால், அவர்களும் குழந்தைகள் என்று சொல்லுங்கள்.

முன்னோடிகள் உங்களுக்கு உண்டு. 1998-ல் வந்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ், 1967-ன் ஃபார்முலா ஒன் கார்களைக் கொடுத்தது. தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் அந்தக் கார்களுக்கு இன்னும் முளைக்கவில்லை. வாங்கியவர்களில் பலர் முதல் சுற்றையே முடிக்கவில்லை. அதை இன்றுவரை கண்கலங்கிப் புகழ்கிறார்கள்.

9. டயரைப் பற்றிப் பேசுங்கள். நிறையப் பேசுங்கள்.

பசெய்கா என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹான்ஸ் பசெய்கா, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பேராசிரியர். டயரின் பிடிப்பைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். அதற்கு மேஜிக் ஃபார்முலா என்பதே பெயர், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில டிகிரி கோணம் விழும்போதுதான் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதாவது கொஞ்சம் நழுவினால்தான் நன்றாகப் பிடிக்கும். உச்சத்தைத் தாண்டினாலும் பிடிப்பு சட்டென்று அறுந்துவிடாது, சரிந்துகொண்டே போகும். தேர்ந்த கை அந்தச் சரிவிலிருந்து காரை மீட்டுவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மீதியைப் பேசுங்கள். பேசும்போது குறிப்பிட்ட ஒரு போர்ஷாவின் பின்பக்கம் கேமில் சரியாக வரவில்லை என்று வருத்தப்படுங்கள். நீங்கள் இதுவரை ஓட்டிய அதிவேக வாகனம் சித்தப்பாவின் ஸ்கூட்டி என்பது பேச்சில் வராமல் போகட்டும்.

10. ஸ்டீயரிங் வாங்கிப் படிக்கிற மேசையில் மாட்டுங்கள்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் மோட்டார் கைக்குத் தரும் எதிர்விசையை, நூறு சதவீதத்தில் வையுங்கள். மேசை அதிரும், கீழ் வீட்டிலிருந்து ஆள் வரும். அதைவிட முக்கியம்: மோட்டார் தன் எல்லையைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் விசைகள் எல்லாம் ஒரே கனமாகத் தட்டையாகிவிடும். டயர் பிடியை இழக்கப் போகிறது என்று கைக்கு மெல்லச் சொல்லும் நுட்பம்தான் முதலில் காணாமல் போகும். நாற்பதில் வைத்தால் அது தெரியும். நாற்பது என்று சொல்லிக்கொள்ளக் கேவலமாக இருக்காதா?

11. வீட்டில் திட்டினால் ஜான் மார்டன்பரோ பெயரைச் சொல்லுங்கள்.

2011-ன் ஜிடி அகாடமி போட்டியில் வென்று, கிரான் டுரிஸ்மோவிலிருந்து நிஜப் பந்தயத்துக்குப் போனவர். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் ஓட்டியவர். 2023-ல் படமே வந்துவிட்டது. அவர் ஆடியது மூலையில் எண் பார்க்கவா என்று அம்மா கேட்கமாட்டார்.

12. முதல் வளைவில் பிரேக் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை.

முன்னால் போகிறவன் போட்டிருப்பான். அவன் மேல் சாய்ந்து நில்லுங்கள். பிசகினால் நடந்ததைப் பின்னோக்கி ஓட்டிவிடலாம். 2008-ல் ரேஸ் டிரைவர்: கிரிட் கொண்டுவந்த வசதி அது. காலத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு, யதார்த்தம் பற்றிய பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

13. சுவர்.

வளைவில் வேகத்தைக் குறைக்காமல், காரை வெளிச்சுவரில் சாய்த்து உரசிக்கொண்டே சுற்றிவருவது ரேஸ் கேம்களின் பழைய தந்திரம். எதிராளி செய்தால், "நிஜத்தில் நடக்குமா இது?" என்று கத்துங்கள். நீங்களே செய்தால் வேறு பாடம் இருக்கிறது. 2022 அக்டோபர் 30, வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடம், அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயம் ஒன்றின் கடைசிச் சுற்று. சீசனின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற ஓட்டுநர் ராஸ் சாஸ்டெய்னுக்கு இரண்டு இடம் தேவைப்பட்டது. ஐந்தாவது கியரைப் போட்டார், காலை எடுக்கவில்லை, காரைச் சுவரிடம் ஒப்படைத்தார். ஐந்து கார்களைத் தாண்டினார். அந்தச் சுற்று 18.845 விநாடி; தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவரின் நேரத்தையும் மிஞ்சியது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, சிறுவயதில் கேம்கியூபில் ஆடிய நாஸ்கார் 2005 என்றார்.

அடுத்த ஜனவரியில் நாஸ்கார், இனி இப்படிச் செய்தால் தண்டனை உண்டு என்று அறிவித்துவிட்டது. ஆகவே 2022 சீசனை வைத்து வந்த கேமில் சுவர் உரசல் முழு யதார்த்தம். அதற்குப் பிந்தைய சீசன் கேமில் அதுவே அப்பட்டமான பொய். அட்டையில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சண்டையை ஆரம்பியுங்கள்.