குலுக்கலில் தப்பிய குறி

ராப் பாடகர் 50 சென்ட், 2000-இல் நிஜமாகவே ஒன்பது குண்டு வாங்கிப் பிழைத்தவர். 2005-இல் அவர் முகத்தோடு வந்த துப்பாக்கி வீடியோ விளையாட்டுக்குப் பெயரே 'புல்லட்ப்ரூஃப்'. மறுவருடம் அதைக் கையடக்க பிஎஸ்பி கருவிக்கு மாற்றியபோது கேமரா மேலே ஏறிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய முகம் போய், உச்சந்தலைதான் மிஞ்சியது.

நாமும் சளைத்தவர்களா?

2014-இல் ரஜினி படம் 'கோச்சடையான்' செல்போன் விளையாட்டாகவும் வந்தது. ஆயுதம், அம்பு. படமே மோஷன் கேப்சர் என்பதால் ரஜினிக்குப் புது மேக்கப்கூடத் தேவைப்படவில்லை.

திரையில் அவருக்குக் குறி தப்பாது. சென்னை ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறி அந்த விளையாட்டை ஆடினால் கதை வேறு. பரங்கிமலை–பூந்தமல்லி சாலைப் பள்ளம் ஒன்று போதும், சூப்பர் ஸ்டார் அம்பு ஆகாயத்துக்குப் போகும். திட்டு மட்டும் டிரைவருக்கு.