பெயருக்கு ஒரு விலை
(கரங்கான் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: கூலிம் பார்மசியில் ஒரே கொழுப்பு மாத்திரைக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். மலிவானது போலியா? (மாகாங் வாசகர்)

பதில்: போலியன்று. புதிய மருந்தைக் கண்டறிந்த நிறுவனம், அதைத் தான் மட்டுமே விற்பதற்கு 20 ஆண்டுக்காலக் காப்புரிமை பெறுகிறது. அது முடிந்தபின் அதே மூலப்பொருளைக் கொண்டு பிறரும் மாத்திரை செய்யலாம் என்பதாலும், அவர்கள் ஆராய்ச்சிச் செலவைச் சுமப்பதில்லை என்பதாலும், ஜெனரிக் எனப்படும் அந்தப் பொதுப்பெயர் மருந்தின் விலை இறங்கிவிடுகிறது. லிப்பிட்டோர் என்பது வணிகப்பெயர், உள்ளேயிருக்கும் சரக்கு அட்டோர்வாஸ்டாட்டின். நோர்வாஸ்க் கேட்டு வாங்குபவர் விழுங்குவது அம்லோடிபின். டத்தோ பட்டம் வாங்கியவருக்கு இரத்தவகை மாறிவிடுவதில்லை. ஆகவே மூலப்பொருளின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சொல்லிக் கேட்பதும், எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் வில்லையும் பெட்டியில் உள்ளனவா என்று பார்ப்பதும் போதுமானவை. வலிப்பு நோய்க்கான சில மருந்துகளை மட்டும் மருத்துவரைக் கேளாமல் மாற்றுதல் கூடாது.

கேள்வி: உடல் மெலிய ஓசெம்பிக் ஊசி மலிவாக எங்கே கிடைக்கும்? (லூனாஸ் வாசகி)

பதில்: நீரிழிவுக்காரர்களுக்கென வந்த ஊசியைத் தேடுமுன், நாளொன்றுக்கு எத்தனை கிளாஸ் தே தாரே என்று எண்ணிப் பார்க்கலாம், எண்ணுவதற்குக் கட்டணமில்லை.

கேள்வி: தனியார் கிளினிக்கில் மருந்துக்கே மாதம் 200 வெள்ளி போகிறது. வேறு வழி உண்டா? (பாடாங் செராய் வாசகர்)

பதில்: மருந்தை எழுதுபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்று பல நாடுகள் பிரித்து வைத்திருக்க, மலேசியத் தனியார் கிளினிக்கில் இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடப்பதால், எந்த மாத்திரை என்ன விலை என்பது நோயாளிக்கு நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஆணை வந்தபோது, கடைக்காரர்களுக்கான சட்டத்தைத் தங்கள்மேல் ஏவுவதா என்று மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டு மறுப்புத் தெரிவித்தனர். அவர்கள் மனம் புண்பட்டது உண்மையே. ஆயினும் ரொட்டி சானாயின் விலை சுவரில் தொங்கும் நாட்டில் மாத்திரையின் விலை மறைபொருளாக இருந்ததற்கு ஏற்ற காரணத்தை எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. விலை அதிகமாகத் தோன்றினால், மருந்துச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பார்மசியில் ஒப்பிட்டு வாங்கலாம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அதனினும் மலிவான வழி, குடிமக்களிடம் மருத்துவர் பார்ப்பதற்கும் மருந்துக்கும் சேர்த்து 1 வெள்ளி மட்டும் வாங்கும் அரசாங்கக் கிளினிக். வரிசைக்கு அஞ்சுபவர்கள் முதல் தடவை மட்டும் காத்திருந்து, அடுத்தடுத்த மாதங்களுக்கான மருந்தைத் தபாலில் பெறும் வசதி அங்கே உண்டா என முகப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: சர்க்கரையை வேரோடு பிடுங்கும் மூலிகைப் பானம் ஒரு பெட்டி 380 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: பிடுங்கப்படுவது எது என்பதைப் பெட்டியின் விலையே சொல்லிவிட்டது.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். எழுதிக் கொடுத்த மருந்து மாதம் பல ஆயிரம் வெள்ளி. வீட்டை விற்கச் சொல்கிறார்கள். (தோட்டத்து வாசகி)

பதில்: வீட்டை விற்க வேண்டாம், குறைந்தபட்சம் பின்வரும் கதவுகளைத் தட்டும்வரை விற்க வேண்டாம். தனியார் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று, கூலிம் மருத்துவமனை வழியாகவோ சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை வழியாகவோ அரசாங்க நிபுணரிடம் செல்வது முதற்படி. நீலப் புத்தகம் என்று வழங்கும் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் சில மருந்துகளை நிபுணர் மட்டுமே தொடங்கலாம் என்ற விதி இருப்பதால், சிறிய கிளினிக்கில் "இல்லை" என்று சொல்லப்பட்ட மருந்து பெரிய மருத்துவமனையில் இருக்கக்கூடும். அங்கும் கிடைக்காவிட்டால், அம்மருத்துவமனையிலேயே அமர்ந்திருக்கும் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்த்து, தாபோங் பந்துவான் பெருபாத்தான் எனப்படும் மருத்துவ உதவி நிதிக்கு மனுச் செய்ய வேண்டும். குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டே அவர்கள் முடிவெடுப்பார்கள் என்பதால், சம்பளச் சீட்டுகளும் அடையாள அட்டை நகல்களும் கையிலிருந்தால் அலைச்சல் குறையும். ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளுக்குப் பணமிருந்தால், பட்டியலிட்ட கடும் நோய்களுக்குப் பெற்றோருக்காகவும் அதை எடுக்கலாம். அப்பா அரசாங்க ஓய்வூதியக்காரர் என்றால், மருத்துவமனையில் இல்லாத மருந்துக்குப் பொதுச்சேவைத் துறையிடம் கோருவதற்குத் தனிப் பாரம் உண்டு. மனு முடிவாகும்வரை சிகிச்சையை நிறுத்தாதிருக்க வழி என்ன என்பதை நிபுணரிடமே வெளிப்படையாகக் கேட்க வேண்டும்; பணமில்லை என்று சொல்வதால் எந்த மருத்துவரும் நோயாளியைக் குறைவாக எண்ணமாட்டார்.

கேள்வி: மருந்துக் கம்பெனியிடம் நம் அரசாங்கம் என்றாவது மல்லுக்கட்டியதுண்டா? (கரங்கான் வாசகர்)

பதில்: இருமுறை, அதுவும் அழகாக. எய்ட்ஸ் மருந்துகளின் விலை தாங்காமல் 2003இல் அரசாங்கம், காப்புரிமை பெற்றவரின் இசைவின்றியே பொதுநலனுக்காக மருந்தைத் தருவித்துக்கொள்ளும் உரிமையை, அதாவது அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தை, எடுத்து இந்தியாவின் சிப்ளாவிடமிருந்து மருந்து இறக்கியது. இரண்டாவது கதை இன்னும் சுவையானது. கல்லீரல் அழற்சி சி நோயைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்று வந்தது. ஏழை நாடுகளுக்கு மலிவுப் பதிப்பை அனுமதித்த கிலியட் நிறுவனம், மலேசியா நடுத்தர வருமான நாடாயிற்றே என்று சில ஆண்டுகள் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவைத்தது. ரப்பர் மரத்தடியில் நின்றவருக்கு இப்படியொரு பதவி உயர்வு கிடைத்தது யாருக்கும் தெரியாது. உரிமம் எடுப்பது பற்றிய பேச்சு முற்றியதும், 2017 ஆகஸ்டில் நிறுவனம் மலேசியாவைத் தானாகவே பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அப்போதும் அரசாங்கம் விடவில்லை. தோல் மருத்துவராயிருந்து சுகாதார அமைச்சரான டாக்டர் ச. சுப்பிரமணியம் செப்டம்பரில் உரிமத்தை அறிவித்தார். எகிப்தின் ஃபார்கோ நிறுவனத்தோடு ஒரு சிகிச்சைக்கு ஏறத்தாழ 300 டாலர் என்ற விலை முன்பே பேசப்பட்டிருந்தது. இன்று அரசாங்க மருத்துவமனைகளில் அச்சிகிச்சை கிடைக்கிறது. பழைய ஊசிகளாலோ முற்காலத்தில் ஏற்றிய இரத்தத்தாலோ ஐயமுள்ளவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கேள்வி: ஊருக்குப் போகும் மச்சானிடம் தமிழ்நாட்டு மருந்து வாங்கிவரச் சொல்லலாமா?

பதில்: 2025 பிப்ரவரியில் அங்கே 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தது உண்மையே, ஆனால் அம்மருந்துக்கு மலேசியப் பதிவெண் இராது, பிறருக்காகச் சுமந்து வருபவர் சுங்கத்துறைக்குப் பதில் சொல்லவும் நேரும். மச்சான் முறுக்கு வாங்கி வரட்டும்.

கேள்வி: அந்நாளில் தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த மிக்சர் எல்லா நோயையும் தீர்த்ததே, இப்போது ஏன் கிடைப்பதில்லை?

பதில்: உள்ளே என்ன இருந்தது என்று டிரெஸ்ஸருக்கே உறுதியில்லாததால், காப்புரிமை கோர ஆளில்லை.